ஜிகினாவும் நள்ளிரவும்

டிசம்பர் 31 இரவு பன்னிரண்டு அடிக்கும்போது எந்தப் பாட்டைப் போடுவது என்று சென்னையின் தென் புறநகரில், பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை எந்தத் தெருவிலும் யாரும் யோசிப்பதில்லை. குரோம்பேட்டையில் சீரியல் லைட் கட்டிய சந்தாகட்டும், சேலையூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடமாகட்டும், மேற்குத் தாம்பரத்துக் கேக் கடை வாசலாகட்டும், பாட்டு ஒன்றுதான்: 'சகலகலா வல்லவன்' படத்தின் 'இளமை இதோ இதோ'. தேவாலயத்தில் நள்ளிரவு ஆராதனை முடித்து வருகிறவர்களும், அந்நேரத்தில் நடை திறந்திருக்கும் கோயிலுக்குப் போகிறவர்களும் அதே பாட்டைக் கடந்துதான் போகிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம்மிடம் பாடல்கள் ஏராளம்; எதைப் போடுவது என்பது ஊருக்கு ஊர், வயதுக்கு வயது மாறும். ஆங்கிலப் புத்தாண்டுக்கு மட்டும் நாற்பது வருடங்களுக்கு மேலாக ஒரே பாட்டு. சாதியும் மதமும் சொந்தம் கொண்டாடாத ஒரே பண்டிகைக்கு நாம் சினிமாவிடமிருந்து பாட்டு வாங்கிக்கொண்டோம். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை.

அந்தப் பாட்டு புத்தாண்டில் பிறக்கவில்லை. ஏவி.எம். தயாரித்து, எஸ்.பி. முத்துராமன் இயக்கிய அந்தப் படம் 1982 ஆகஸ்ட் 14 அன்று வெளியானது. சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள். புத்தாண்டுக்கு இன்னும் நாலரை மாதம் இருந்தது. கிராமத்து வேலுவாக வந்த கமல்ஹாசன் மோட்டார் சைக்கிளும் பளபளக்கும் உடையுமாக ஒரு புதுவருடக் கொண்டாட்டத்துக்குள் நுழையும் இடத்துக்காக இளையராஜா போட்ட மெட்டு அது. வரிகளை எழுதியவர் வாலி. பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். புத்தாண்டு என்ற சேதி பாட்டுக்கு முன்னால் ஆங்கிலத்தில் எழும் அந்த ஒற்றை வாழ்த்துக் கூவலில்தான் இருக்கிறது. மற்றபடி வரிகள் முழுக்க ஓர் இளைஞன் தன்னைத் தானே மெச்சிக்கொள்வது. முந்தைய ஆண்டு 'ஏக் துஜே கே லியே' வழியாகக் கமல் இந்தியில் பெற்ற வெற்றியைக்கூட வாலி உள்ளே செருகியிருப்பார்.

அந்தக் கூவல் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். தாளம் தொடங்கும் முன்பு, வேறு ஓசை எதுவும் குறுக்கே வராத வெளியில் அது நிற்கிறது. மேடையில் ஒலிவாங்கி பிடித்தவன் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி இறங்கும்போது, பூஜ்யத்தில் சரியாகப் பொருத்துவதற்கு அதைவிடத் தோதான ஒன்று கிடைக்காது. வாழ்த்து பாட்டின் நடுவிலோ முடிவிலோ வந்திருந்தால் இந்தப் பாட்டு கடிகாரத்தோடு இப்படி ஒட்டியிருக்காது என்பது என் எண்ணம்.

இளமையைக் கூவி அழைத்தவர்களின் வயதையும் சொல்லிவிடலாம். 1982 ஆகஸ்டில் வாலிக்கு ஐம்பது. பாலுவுக்கு முப்பத்தாறு. திரையில் ஆடியவருக்கு மட்டும்தான் இருபத்தேழு. தமிழ்ச் சினிமாவில் இளமை என்பது எப்போதும் பலர் சேர்ந்து கட்டி எழுப்புவது. ஒருவர் எழுத, ஒருவர் பாட, இன்னொருவர் ஆட, இருட்டில் உட்கார்ந்து பலர் வாசிக்க, அத்தனையும் சேர்ந்து ஒரே உடம்பில் தெரியும்.

இதே மாதிரி இன்னொரு பாட்டு உலகத்தின் மறுகோடியில் உண்டு. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிளாம் ராக் என்றொரு அலை எழுந்தது. ஆண்கள் கண்ணுக்கடியில் ஜிகினா பூசிக்கொண்டு, அரையடி உயரக் குதிகால் செருப்பும் சாட்டின் சட்டையுமாக மேடையேறினார்கள். 1971இல் டி. ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கன்னத்தில் மினுமினுப்போடு தொலைக்காட்சியில் தோன்றியதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு டேவிட் போவி. இவர்கள் கலைக்கல்லூரி வாடை கொண்டவர்கள். ஆனால் அந்த அலையில் மிக அதிகமாகத் தட்டு விற்றவர்களில் ஒரு குழு, இரும்பாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த வால்வர்ஹாம்ப்டன் வட்டாரத்திலிருந்து வந்தது. குழுவின் பெயர் ஸ்லேட். நாடி ஹோல்டர் தொண்டை கிழியப் பாடுவார். டேவ் ஹில் தலை முதல் கால் வரை வெள்ளியாய் மின்னுவார்.

1973 கோடையின் கடைசியில், நியூயார்க் வெக்கையில் வியர்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்தார்கள். 'மெர்ரி கிறிஸ்மஸ் எவ்ரிபடி.' பல்லவி, ஹோல்டர் 1967இல் எழுதித் தூக்கிப்போட்டிருந்த ஒரு பழைய பாட்டிலிருந்து வந்தது. அதற்குக் குழுவின் ஜிம் லீ புதிய சரணம் கட்டினார். அந்த ஜூலையில்தான் டிரம்ஸ் வாசிக்கும் டான் பவல் கார் விபத்தில் சிக்கிப் பிழைத்திருந்தார். காதலியை இழந்தார். நினைவாற்றலும் சிதைந்துபோயிருந்தது. அடுத்து என்ன வாசிக்க வேண்டும் என்பதைக் கூட இருந்தவர்கள் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டாகப் பாடும் பகுதிக்கு எதிரொலி வேண்டுமென்று கட்டடத்தின் நடைகூடத்தில் போய் நின்று பாடினார்கள். வெயிலில் வேலைக்கு வந்து போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் ஆர்மோனியம் கிடந்தது. ஜான் லெனன் பயன்படுத்தியது. அதையும் இழுத்துப்போட்டு வாசித்தார்கள். ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டே வாழ்நாள் முழுக்க மெட்டமைத்துவரும் இளையராஜாவின் பாட்டோடு இதைச் சேர்த்து நினைக்கும்போது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

தட்டு வெளிவந்தது 1973 டிசம்பர் 7 அன்று. வெளியாகும் முன்பே 5 லட்சம் பிரதிகளுக்கு முன்பதிவு. நேராக முதலிடம். எண்ணெய் நெருக்கடியும் நிலக்கரித் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து அந்த நாட்டை இருளடித்திருந்த மாதம் அது. வாரத்துக்கு மூன்று நாள்தான் ஆலைகளுக்கு மின்சாரம் என்று பிரதமர் எட்வர்ட் ஹீத் டிசம்பர் 13 அன்று அறிவித்தார். அப்படிப்பட்ட நேரத்தில் ஜனங்கள் கையில் கிடைத்த சந்தோஷம் இந்தப் பாட்டு. அதன் கடைசியில் ஹோல்டர் போடும் ஒரு கூச்சல் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வந்துவிட்டதென்று அறிவிக்கும் கூச்சல். இன்றைக்கும் அங்கே டிசம்பர் என்றால் அதுதான். நம் பாட்டில் கூவல் முதலில் வருகிறது, அவர்கள் பாட்டில் கடைசியில். எங்கே வந்தாலும், கூவுகிற குரல் பாடகன் என்ற நிலையிலிருந்து நழுவி, தெருவில் நிற்கும் கூட்டத்தில் ஒருவனாகிவிடுகிறது. ஹோல்டர் 1946 ஜூன் 15இல் பிறந்தவர், பாலு அதே மாதம் 4ஆம் தேதி. ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் தத்தம் நாட்டுக்கு ஆண்டுக்கொரு முறை குரல் கொடுக்கிறவர்களாக ஆனார்கள்.

ஜிகினாவுக்கு வண்ணம் வேண்டும். கறுப்பு வெள்ளையில் அது வெறும் பளிச்சிடல். இங்கிலாந்தின் முக்கிய அலைவரிசைகள் 1969 நவம்பரில் வண்ணத்துக்கு மாறின. இரண்டே வருடத்தில் கிளாம் ராக் வந்தது. இங்கே தூர்தர்ஷன் தேசிய அளவில் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 ஆகஸ்ட் 15 அன்று. 'சகலகலா வல்லவன்' திரைக்கு வந்த மறுநாள். திரையரங்கில் வண்ணம் நமக்குப் புதிதல்ல என்றாலும், வீட்டுக்குள் வண்ணம் வரப்போகிறது என்ற பரபரப்பு நாடு முழுக்க இருந்த வாரத்தில் இந்தப் பாட்டு வந்தது. மிதுன் சக்கரவர்த்தியின் 'டிஸ்கோ டான்சர்' அதே வருட டிசம்பரில்தான் வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பம்பாய்க்கு முன்பே கோடம்பாக்கம் தயாராக இருந்தது. அதற்கும் முன்பே, 1979இல், பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' ஒரு பாட்டுக்குழுவையே கதையின் நடுவில் வைத்தது. எம்.எஸ். விஸ்வநாதன் ஐம்பதைத் தாண்டிய வயதில் அதற்கு இசையமைத்து, அதில் ஒரு பாட்டைத் தானே பாடவும் செய்தார்.

இங்கிலாந்தில் சிங்கிள் என்றால் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள்: ஏழு அங்குல வட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு, மேலே குழுவின் பெயர். அங்கே பாட்டு தனியாகவே பிறந்தது. இங்கே பாட்டு படத்தின் வயிற்றில் பிறந்தது. வெளியே எடுத்தவர்கள் கேட்டவர்கள்தான். எண்பதுகளில் தாம்பரம் சண்முகம் சாலை மாதிரியான கடைவீதிகளில் கேசட் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. காலி கேசட் ஒன்றையும், தாளில் எழுதிய பட்டியல் ஒன்றையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடமா தொண்ணூறா, ஏ பக்கம் எது, பி பக்கம் எது, நாடா முடியும் இடத்தில் பாட்டு வெட்டுப்படாமல் இருக்க எதைக் கடைசியில் போடுவது என்றெல்லாம் வாடிக்கையாளரும் கடைக்காரரும் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அட்டையில் கடைக்காரர் அழகாகத் தலைப்பெழுதித் தருவார். கல்யாண வீட்டுக்கு ஒரு கேசட், பஸ்ஸுக்கு ஒன்று, மன்றத்து ஆண்டுவிழாவுக்கு ஒன்று. அந்தக் கடை மேசையில்தான் 'இளமை இதோ இதோ' தன் படத்தைவிட்டுக் கழன்று தனிப் பாட்டானது. கழன்றது நல்லதாயிற்று. தங்கையைச் சீரழித்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பதை நியாயம் என்று காட்டும் கதை அது; இன்று அதை முழுதாகப் பார்க்க என்னால் முடிவதில்லை. வெள்ளிவிழாக் கண்ட படம் இன்று யாருக்கும் அவசியமாக இல்லை. பாட்டு அவசியமாக இருக்கிறது.

தென் புறநகரில் அது ஏன் இப்படி வேர் பிடித்தது என்பதற்கு இந்த இடத்தின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்த நாளிலிருந்து இது வேலைக்குப் போய்வருகிறவர்களின் நிலம். குரோம் லெதர் தோல் ஆலையால் குரோம்பேட்டைக்குப் பெயரே வந்தது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் கொட்டகைகள், ரயில்வேக்காரர்கள், விமானப்படை, 1984க்குப் பிறகு சானடோரியம் பக்கம் ஏற்றுமதி வளாகத்தின் தையல் எந்திரங்கள். தமிழ்நாட்டு முகங்கள் பூசிக்கொண்ட பவுடரைச் செய்த பாண்ட்ஸ் ஆலையும் பல்லாவரத்தில்தான் இருந்தது. சிக்னலுக்கு இன்னும் அந்தப் பெயர்தான். பரங்கிமலையிலும் பல்லாவரம் வெட்டரன் லைன்ஸிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் டிசம்பர் கடைசியில் கிட்டாரும் நடனமுமாகப் புதுவருடத்தை வரவேற்றன. ஜன்னலுக்கு வெளியே நின்று அந்த இசையைக் கேட்டு வளர்ந்த பையன்களுக்கு, தங்கள் மொழியில் தங்களுக்கென்று அதே மாதிரி ஒரு பாட்டு கிடைத்தது 1982இல். ஷிப்டு முடிந்து, எண்ணெய்க் கறை போகக் கையைத் தேய்த்துக் கழுவி, இருப்பதில் பளபளப்பான சட்டையை மாட்டிக்கொண்டு ஆடுவதற்கு ஒரு பாட்டு. வால்வர்ஹாம்ப்டன்காரர்களுக்கு ஸ்லேட் கொடுத்ததும் இதுதான். உழைக்கிறவன் உடம்பை அலங்கரித்துக்கொள்வதைக் கேலியாகப் பார்க்கிற ரசனையோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வருடம் முழுக்கச் சீருடையில் இருப்பவனுக்கு ஓரிரவு மின்னுகிற உரிமை உண்டு.

அந்த உரிமையை வருடா வருடம் காப்பாற்றித் தருகிறவர்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, அரசியல் கட்சிக் கூட்டம், கடைசியில் டிசம்பர் 31. அன்றிரவு ஒரே குழுவை இரண்டு இடத்தில் கேட்பார்கள். பாலு குரலில் பாடுகிறவருக்கென்று ஒரு ஜிகினா கோட் இருக்கும். குரோம்பேட்டை தையற்கடையில் தைத்தது, உள்ளே வியர்வை ஊறி உப்புப் பூத்தது. டிசம்பர் இரவில்கூட நம் ஊரில் அந்தக் கோட்டுக்குள் வேகும். அவர் பன்னிரண்டு அடிக்கக் காத்து நிற்கும்போது அவரைப் பாருங்கள். பின்னால் டிரம்மர் குச்சியை உயர்த்திப் பிடித்திருப்பார். பேஸ்காரர் முதல் சுரத்தில் விரலை வைத்திருப்பார். ஆயிரம் பேர் கூட்டம் எண்ணி இறங்குகிறது. கூவல் சரியாக விழ வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அந்த வருடம் கெட்டது. 2020 செப்டம்பர் 25 அன்று பாலு போன பிறகு வந்த புத்தாண்டுகளில் அந்தக் கூவலை மேடையில் எழுப்புகிறவர்களுக்குப் பொறுப்பு கூடிவிட்டது. பலர் பாடும் முன் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள்.

மூலப் பதிவில் வாசித்தவர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஒலிப்பதிவு முறை வேறு. இளையராஜா இசைக்குறிப்பை எழுதிக் கொடுப்பார், உதவியாளர்கள் அதைப் பிரதியெடுத்து ஒவ்வொருவர் ஸ்டாண்டிலும் வைப்பார்கள். வயலின்காரர்கள் ஒரு பக்கம், ஊதுகிற கருவிகள் ஒரு பக்கம், டிரம்ஸ் தடுப்புக்குள், பாடகர் தன் கண்ணாடி அறையில். எல்லோரும் ஒன்றாக வாசிப்பார்கள். முப்பதாவது வயலினில் ஒரு சுரம் பிசகினாலும் முதலிலிருந்து எல்லோரும் மறுபடி. பாட்டு நன்றாக வந்துவிட்டால், அன்றைய கால்ஷீட் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போவார்கள். தட்டின் உறையில் படத்தின் பெயர், இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் எல்லாம் இருக்கும். வாசித்தவர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. இளையராஜாவோடு நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்து இசைக்குழுவையும் நடத்திய புருஷோத்தமன், அவர் சகோதரர் கிட்டார் சந்திரசேகர், கிட்டார் சதானந்தம், பேஸ் கிட்டார் சசிதரன், கீபோர்டு விஜி மானுவல் ஆகிய பெயர்கள் ரசிகர்கள் தேடித் தேடிச் சேர்த்தவை. 'நிழல்கள்' (1980) படத்தின் ஒரு பாட்டில் இளையராஜாவின் குழுவையே பாரதிராஜா திரையில் காட்டினார். அங்கே புருஷோத்தமனைப் பார்க்கலாம். அந்த மாதிரி அபூர்வங்களைத் தவிர்த்தால், நம் காதில் வாழ்நாளெல்லாம் ஒலிக்கும் கைகளுக்கு முகம் கிடையாது.

ஸ்லேட்டின் பாட்டில் யார் எந்தக் கருவியைத் தொட்டார்கள், ஆர்மோனியம் யாருடையது, நடைகூடத்தில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் ஐம்பது வருடங்களாக ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே பத்திரிகைகள் எழுதுகின்றன. பாட்டை எழுதிய ஹோல்டருக்கும் லீக்கும் அது ஆண்டுதோறும் ஓய்வூதியம் போலப் பணம் தருகிறது. இங்கே 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதி செய்தது. பாடகர்களும் தங்கள் பங்கைக் கேட்டுப் பெறத் தொடங்கினார்கள். அந்தச் சட்டம் வேண்டும் என்று போராடியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டுப் பதிவான அன்று காலை ஸ்டாண்டுக்கு முன் உட்கார்ந்து, முதல்முறை பார்க்கும் சுரங்களை உடனே உயிரோடு வாசித்த டிரம்மருக்கும் கிட்டார்காரருக்கும் கூலியோடு கணக்கு முடிந்துவிட்டது. டிரம்ஸ் வராத 'இளமை இதோ இதோ'வைக் கற்பனை செய்து பாருங்கள்.

இதில் மேடைக் குழுக்கள் சினிமாவைவிட நேர்மையானவை. கச்சேரி நடுவில் அறிவிப்பாளர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார்: டிரம்ஸில் இன்னார், பேஸில் இன்னார், தபேலாவில் இன்னார். பெயர் சொன்னதும் அவர் எட்டு மாத்திரையோ பதினாறு மாத்திரையோ தன் கைவரிசையைக் காட்டுவார், கூட்டம் கைதட்டும். ஐம்பது வருடத் தட்டு உறைகள் செய்யாததைச் சேலையூர் தெருமுனை மேடை ஒவ்வொரு கச்சேரியிலும் செய்துகொண்டிருக்கிறது. இப்போது கரோக்கி ட்ராக்கைப் போட்டுவிட்டுப் பாடகர் மட்டும் நின்று பாடும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. செலவு குறைவு என்பது உண்மை. ஆக்டோபேட் என்ற மின்னணுத் தாளக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு நான்கு பேர் வேலையை ஒருவர் பார்ப்பதும் நடக்கிறது. அங்கே அறிமுகம் செய்யப் பெயர்கள் இல்லை.

எண்பதுகளில் அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்களில் புருஷோத்தமன் போன்ற சிலர் மறைந்துவிட்டார்கள். மற்றவர்கள் எழுபது, எண்பது வயதுகளில் இருக்கிறார்கள். பலர் இந்தச் சென்னையிலேயே. கிறிஸ்தவக் கல்லூரியும் எம்.ஐ.டி.யும் இருக்கும் இந்தத் தென் புறநகரில் ஒலிப்பதிவுக் கருவியைக் கையாளத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் போய் உட்கார்ந்து கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்தான். எந்தக் கூடம், எத்தனை மணிக்கு வந்தீர்கள், டிரம்ஸுக்கு எத்தனை மைக் வைத்தார்கள், அந்த கிட்டாரை எங்கே வாங்கினீர்கள், எத்தனையாவது டேக்கில் சரியானது, பாலு கண்ணாடிக்குப் பின்னால் கையை எப்படி ஆட்டினார், மதியம் எங்கே சாப்பிட்டீர்கள், அன்று எவ்வளவு கொடுத்தார்கள். பதில்களை எழுதி, பெயர்களோடு அச்சிட வேண்டும். அடுத்த டிசம்பர் 31க்குள் ஒருவரையாவது கேட்டுவிட முடியும்.